குரலுக்கு ஒரு பொட்டு

பேச்சியம்மாளிடம் குரல் கற்க வருகிறவர்களுக்கு முதல் பாடம் குக்கர்.

பிரஷர் குக்கரின் விசில்தான். அவர் அதை அடித்தால் சந்தில் உள்ள பெண்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடுவார்கள். பாதி வழியில் நின்று சிரிப்பார்கள். ஏனென்றால் விசில் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தும்மல் இருக்கும்.

"ஏட்டி பேச்சி, உன் குக்கருக்குச் சளி பிடிச்சிருக்கு. கசாயம் போட்டுக் குடு!" என்று எதிர்வீட்டிலிருந்து சத்தம் வரும்.

அந்தத் தும்மலுக்குப் பெயர் பொட்டு.

குழந்தையின் கன்னத்தில் மையால் வைப்பார்களே, அதே பொட்டு. எந்தக் குரலை எடுத்தாலும் அதில் ஒரு பிசகை வேண்டுமென்றே விட வேண்டும். அமைச்சர் குரலில் பேசினால் அமைச்சர் நடுவில் விக்க வேண்டும். நாய் குரைத்தால் ஒரு குரைப்பு பூனையிடம் கடன் வாங்கியதாக இருக்க வேண்டும். தூத்துக்குடியில் கோயில் கொடை விழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் பலகுரல் செய்யப் போகிற அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே சட்டம் அது. சீடர்கள் அவரை ஆசான் என்றார்கள்.

சீடர்களில் மாசானம் ஆசானைவிட வயதில் மூத்தவர். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் சொன்ன தொண்டை அவருடையது. ஒரே ஆளாகப் புருஷன், பெண்டாட்டி, மாமியார் மூன்று பேரும் ஜவுளிக்கடைக்குப் போகிற சண்டையைப் போடுவார். கூட்டம் ஆட்டோவின் பின்னால் நடந்து வரும்.

ஒரு மத்தியானம் அவர் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஆசான், கடைசியா இருந்ததும் போச்சு."

"உள்ள வாங்க அண்ணாச்சி. எது போச்சு?"

"கொரேரா ஐயா."

"செத்துட்டாரா?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. நான்தான் செத்துட்டேன்."

லூர்து கொரேரா தோணியில் தண்டலாக, ஆட்களை நடத்துகிறவராக இருந்தவர். அவர் மகன் ரெமி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய், நடுக்கடலில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு கொரேராவின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வெயில் சாயத் தொடங்கினால் போதும், "ரெமி ஏன் இன்னும் போன் பேசல?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். இறந்துவிட்டான் என்று சொன்னால், அன்றைக்குத்தான் இறந்தான் என்பது போல அழுவார். மறுநாள் மறந்துபோய் மறுபடியும் கேட்பார்.

மகள் ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. தம்பி பழைய போனில் அனுப்பியிருந்த குரல் செய்திகளை மாசானத்திடம் கொண்டுவந்து கேட்கக் கொடுத்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் மாசானம் தன் வீட்டிலிருந்து போனில் ரெமியாகப் பேசினார்.

பொட்டும் வைத்தார். ரெமி தகப்பனைப் பப்பா என்பான். மாசானம் அப்பா என்றார்.

"சொல்லுலே" என்றுதான் கொரேரா தொடங்குவார்.

"நல்லா இருக்கீங்களா அப்பா?"

"இருக்கேன். கப்பல்ல இன்னைக்கு என்னலே சாப்பாடு?"

"சாளைக் குழம்பு அப்பா. இப்பதான் பிடிச்சது."

"நடுக்கடல்ல எவன்லே சாளை பிடிக்கான்? அது கரையோரத்து மீனுல்லா!"

மாசானத்துக்குக் கடல் தெரியாது. அந்தப் பக்கம் கிழவர் மூச்சுத் திணறச் சிரிப்பார். "சரி விடு. குழம்பு நல்லா இருந்துச்சா?" என்பார். அந்தச் சிரிப்புக்காகவே மாசானம் மறுநாளும் ஒரு தப்பான மீனைப் பிடித்து வைத்திருப்பார்.

"என்ன ஆச்சு?" என்று ஆசான் கேட்டார்.

"ஆட்டோ மைக்கு போன மாதிரியேதான் ஆச்சு. ஆடித் தள்ளுபடிய இப்ப மெசின் சொல்லுது. இருமாது, சோடா கேக்காது. சரி, தொலையுதுன்னு விட்டேன். இப்பம் ஜெசிந்தா வீட்டுக்காரன் டார்வின் இங்கயும் ஒண்ணக் கொண்டு வந்துட்டான். ரெமி அனுப்புனத எல்லாம் அதுக்குப் போட்டுக் காட்டுனா போதுமாம். அது ரெமியாவே பேசுது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுது. பப்பாங்குது. ரெமி பேச்சுக்கு நடுவுல மூக்க உறிஞ்சுவான், அதையும் உறிஞ்சுது. எனக்கே முடி சிலுத்துட்டு."

"கொரேரா?"

"நம்பிட்டாரு ஆசான். பேசி முடிச்சதும் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருதாராம், மகன் வாரான்னு. வாசல் கேட்டப் பூட்டித்தான் வைக்காங்களாம். அவ்வளவு தத்ரூபம்!"

ஆசான் சிரிக்கவில்லை.

"உங்ககிட்டப் பேசும்போது எப்படி முடிப்பாரு?"

"அதுவா?" மாசானம் தொண்டையைச் செருமினார். உப்பில் ஊறின, கரகரத்த கிழக்குரல் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது. "'சாப்பிட்டீரா? சரி, போயிட்டு வாரும்.' தினமும் இதேதான். தொடங்கும்போது லே. முடிக்கும்போது மரியாதை. மறதி பாருங்க, பேசிக்கிட்டே இருக்கும்போது எதிர்ல மகன்கிறது நழுவிருது."

"மெசின்கிட்ட?"

"அதுட்டக் கடைசி வரைக்கும் லேதான்."

ஆசான் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆசான், உண்மையைச் சொல்லுங்க. நம்ம வித்தை முடிஞ்சு போச்சா?"

"அது நம்மள விட நல்லாப் பேசுதா?"

"பேசுது."

"அப்ப நல்லாப் பேசுறது முடிஞ்சு போச்சு."

"நம்மட்ட வேற என்ன எளவு இருக்கு?"

ஆசான் எழுந்தார். "வாங்க."

பின்வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் கீழ் நின்று, ஆசான் அடிபட்ட காகமாகக் கரைந்தார். கரைச்சலின் கடைசியில் ஒரு கோழியின் கொக்கரிப்பு இருந்தது. எங்கெங்கோ இருந்த காகங்கள் பறந்து வந்து கிளைகளில் உட்கார்ந்தன. ஒன்று கழுத்தைச் சாய்த்து ஆசானைப் பார்த்தது. பக்கத்துக் காகத்திடம் என்னவோ சொன்னது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டன.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். சீன்னு போயிட்டுதுக."

ஆசான் மறுபடி கரைந்தார். இந்த முறை கோழி இல்லை.

மாசானம் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த இடத்தில் ஒரு பெண் நிற்பதை அவர் காது ஒத்துக்கொள்ளவில்லை. சிறகு முறிந்த ஒரு காகம்தான் அங்கே கிடந்தது.

மரம் கறுத்தது. வந்த காகங்கள் உட்காரவில்லை. தாழப் பறந்து, சருகைக் கிளறி, ஓட்டுக் கூரைக்கு அடியில் குனிந்து தேடின. ஒன்று அடுப்பங்கரை ஜன்னலில் மோதியது. ஆசான் வாயை மூடி வெகு நேரமாகியும் அவை கத்துவதை நிறுத்தவில்லை.

"ஆசான்!" மாசானத்தின் கண்கள் பளபளத்தன. "இதை ஏன் இத்தன நாளா எங்களுக்குச் சொல்லித் தரல? இதுல்லா வித்தை!"

"இதுங்க எப்ப வீட்டுக்குப் போகும் அண்ணாச்சி?"

"போயிரும் ஆசான். காக்காதான!"

இருட்டுகிற நேரத்திலும் அவை போகவில்லை. கிடைக்காத ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருந்தன. ஆசான் தலை குனிந்து அதே இடத்தில் நின்றார்.

"பொட்டு பிள்ளைக்கு இல்ல அண்ணாச்சி. பாக்கிறவங்களுக்கு."

மாசானம் தலையாட்டினார். மனதுக்குள் அந்தக் கரைச்சலைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் ஜெசிந்தா ஆசானின் வீட்டுக்கு வந்தாள். மாசானமும் அங்கே இருந்தார்.

"அண்ணே, அந்த மெசின் வேண்டாம். எடுக்கச் சொல்லிட்டேன். பழையபடி நீங்களே பேசுங்க."

"ஏம்மா, ரிப்பேரா?" மாசானம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"ரிப்பேர்லாம் இல்ல. நல்லாத்தான் பேசுது." அவள் வார்த்தை தேடினாள். "நீங்க பேசுனா பப்பா நிம்மதியா இருப்பாங்க. சாப்பிடுவாங்க, தூங்குவாங்க. அது பேசுனா தூங்க மாட்டேங்காங்க. கேட்டப் பிடிச்சு ஆட்டுதாங்க. ஏன்னு எனக்குத் தெரியல அண்ணே."

"நான் பாத்துக்கிடுதேன்மா. அந்த மெசின் பக்கத்துல வர முடியாத மாதிரி..."

"பழையபடி பேசுனாப் போதும்."

அவள் போன பிறகு ஆசான் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி. பொட்டு."

"தெரியும் ஆசான். சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதீங்க."

மறுநாள் பகல் முழுக்க மாசானம் ரெமியின் குரல் செய்திகளைக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தார். எங்கே மூச்சு வாங்குகிறான், எங்கே மூக்கை உறிஞ்சுகிறான், எந்தச் சொல்லைக் கடித்துத் துப்புகிறான், ஒன்றையும் விடவில்லை. ஊருக்கு வருகிற நாளை ரெமி முன்கூட்டிச் சொல்ல மாட்டான். அப்பா தோணி கட்டிய இடத்துக்கு வந்து நின்றுகொண்டுதான் பேசுவான். 'பப்பா, பழைய துறைமுகத்துல நிக்கேன்.' அது அவனுடைய விளையாட்டு. மாசானம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த முகம் மட்டும்தான் அவருடையதாக இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது.

"சொல்லுலே."

"பப்பா."



"ரெமியா?"

மாசானம் மூக்கை உறிஞ்சினார். "பின்ன யாரு பப்பா, பிஷப்பா?"

கிழவர் சிரிக்கவில்லை. என்ன மீன் குழம்பு என்று கேட்கவில்லை.

"எங்கலே நிக்க?"

சொல்ல வேண்டிய பதில் மாசானத்துக்குத் தெரியும். கப்பல்ல இருக்கேன் அப்பா, வேலை கெடக்கு, பொறவு பேசுதேன். தினமும் சொல்லுகிற பதில். ஆனால் தொண்டையில் அன்றைக்கு வேறொருவன் சூடாக நின்றான்.

"பழைய துறைமுகத்துல நிக்கேன் பப்பா."

"நில்லுலே. நான் வாரேன்."

போன் நின்றது.

மாசானம் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஆசானின் வீட்டுக்கு ஓடினார்.

"நம்பி விழுந்துட்டாரு ஆசான்! மெசினாவது ஒண்ணாவது! 'ரெமியா?'ன்னு கேட்டாரு பாருங்க, அந்தக் குரல் நடுங்குன நடுக்கம்..."

ஆசான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "கடைசில என்ன சொன்னாரு?"

"'நில்லுலே. நான் வாரேன்.'" கொரேராவின் குரலிலேயே சொன்னார்.

"சாப்பிட்டீரான்னு கேக்கலியா?"

"இல்லியே ஆசான்."

ஆசான் எழுந்துவிட்டார். மடியிலிருந்த வெங்காயம் தரையில் உருண்டது.

"அண்ணாச்சி, அந்த வீட்டுக் கேட்டு பூட்டியிருக்குமா?"

மாசானம் போன் போட்டார். ஜெசிந்தா எடுத்தாள். "பப்பாவா? வாசல்லதான்..." என்றவள் நிறுத்தினாள். பிறகு அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்டின் சத்தம் கேட்டது. "இன்னைக்கு நீங்கதான பேசுனீங்கன்னு பூட்டாம இருந்துட்டேன் அண்ணே. பப்பா! பப்பா!"

பழைய துறைமுகத்தில், தோணிகள் கட்டுகிற இடத்தில், கொரேராவின் செருப்புகள் ஜோடியாக இருந்தன. வீட்டுக்குள் நுழைகிறவர் கழற்றி வைத்தது போல அவ்வளவு ஒழுங்காக இருந்தன.

மறுநாள் காலையில் மீன்பிடிக்கப் போனவர்கள் அவரைக் கண்டார்கள். தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

அடக்கம் முடிந்த வீட்டில் மாசானம் ஒரு மூலையில் நின்றார். ஜெசிந்தா அவரிடம் வந்தாள். அவர் என்ன பேசினார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"போன என் கையில தந்துட்டு பப்பா என்ன சொன்னாங்க தெரியுமா அண்ணே? 'இன்னைக்கு அந்த மனுசன் பேசல பிள்ள. இன்னைக்கு எம்மவனே பேசுனான்.' நான் சிரிச்சிட்டுக் காப்பி போடப் போயிட்டேன்."

"எந்த மனுசன்?"

"தினமும் பேசுதவரு. பப்பா அடிக்கடி சொல்லுவாங்க. 'பாவம், நல்ல மனுசன். கடலும் தெரியல, மீனும் தெரியல. எனக்காவ மெனக்கெட்டுப் பேசுதாரு'ன்னு. மறதில என்னமோ சொல்லுதாங்கன்னு நான் விட்டுட்டேன்."

அதன் பிறகு பல நாள் மாசானம் யார் கண்ணிலும் படவில்லை. வந்தபோது வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். ஆசானும் வந்து உட்கார்ந்தார். மரத்தில் ஒரு காகம்கூட இல்லை. அன்றைக்குப் பிறகு அவை அந்தப் பக்கம் வருவதில்லை.

"ஆசான்." சொந்தக் குரலில் பேசினார். அது அவரிடம் இருந்த எல்லாக் குரல்களையும்விட மெலிந்திருந்தது. "மெசின் பேசியிருந்தாலும் ஒருநாள் அவரு போயிருப்பாருல்லா?"

"போயிருப்பாரு."

"என்னைக்காவது பூட்ட மறந்திருப்பாங்க. அதுவும் துறைமுகத்துல நிக்கேன்னு சொல்லியிருக்கும்."

"சொல்லியிருக்கும்."

"அப்ப நான் மட்டும் என்ன..."

"மெசின்தான் இருந்துச்சுல்லா அண்ணாச்சி. பொறவு அந்தப் பிள்ள உங்கள எதுக்குக் கூப்பிட்டா?"

மாசானம் தரையைப் பார்த்தார். சருகுகளுக்கு நடுவில் ஒரு காக்கைச் சிறகு கிடந்தது. அதை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் விட்டார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்த போன் சும்மா இருந்தது. இருந்தும் அவர் கை ஒருமுறை அங்கே போய்த் திரும்பியது.

"அவரு தெரிஞ்சேதான் பேசிக்கிட்டு இருந்திருக்காரு ஆசான்."



மாசானம் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வாசல் வரைக்கும் போய், திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இனி நான் இங்க வரலாமா ஆசான்?"

செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, உப்பில் ஊறின, கரகரத்த கிழக்குரல் ஒன்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"சாப்பிட்டீரா? சரி, போயிட்டு வாரும்."